வீடும் சட்டமும்: மேல்வீட்டுக் கசிவு முதல் வாசல் தடுப்புக் கம்பம் வரை

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தபோது, உயில், நிலம், கடன் பற்றியவை ஒரு கைப்பிடிதான் தேறின. மற்றவை எல்லாம் அடுக்குமாடி வீட்டுப் புகார்கள். ஆகவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். பலருடைய புகாரும் அதே லிஃப்டில் நாள்தோறும் சந்திக்கும் மனிதரைப் பற்றியது என்பதே காரணம்.

பதில்களில் திரும்பத் திரும்ப வரும் சில சொற்களை முதலிலேயே விளக்கிவிடுகிறேன். தீபகற்ப மலேசியாவில் மாடி வீட்டுக்காரர்களின் உரிமையையும் கடமையையும் இரண்டு சட்டங்கள் வரையறுக்கின்றன: பட்டாவைப் பற்றியது 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா (பொது இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு தனியே தரப்படும் பட்டா) உரிமைச் சட்டம், பராமரிப்பு, கட்டணம், கூட்டம், தகராறு ஆகியவற்றைப் பற்றியது 757ஆம் எண் கொண்ட, 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம். பின்னது கோலாலம்பூரில் 2015 ஜூன் 1ஆம் தேதியும் பினாங்கில் அதே மாதம் 12ஆம் தேதியும் நடைமுறைக்கு வந்தது. வீடு வாங்கியவர்களுக்குத் தனித்தனி ஸ்ட்ராத்தா பட்டா வருமுன் கட்டடத்தை நடத்துவது ஜே.எம்.பி. என்ற கூட்டு நிர்வாகக் குழு; பட்டா வந்த பின் நடத்துவது எம்.சி. என்ற நிர்வாகக் கழகம். அதிகாரம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், இரண்டையும் சேர்த்து 'நிர்வாகம்' என்றே எழுதுகிறேன். நிர்வாகத்துக்கு மேலே இருப்பவர் கட்டட ஆணையர். நம்மவர்கள் அந்த அலுவலகத்தை சி.ஓ.பி. என்றே சொல்வார்கள், தலைநகரில் அது மாநகராண்மைக் கழகத்திலும், பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் அந்தந்த மாநகர் மன்றத்திலும் இயங்குகிறது.

கேள்வி: 9ஆம் மாடியில் குடியிருக்கிறோம். குளியலறை சீலிங்கில் ஓராண்டாகத் தண்ணீர் சொட்டுகிறது. மேல்வீட்டு அண்ணன், 'பாதிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் ஆள் வைத்துப் பார்க்கிறேன்' என்கிறார். நிர்வாக அலுவலகத்தில், 'அது உங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையிலான விவகாரம்' என்று அனுப்பிவிடுகிறார்கள். யாரிடம் போவது?
— வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, இருவர் சொன்னதும் தவறு. முதலில் நிர்வாகத்தின் பதிலை எடுத்துக்கொள்வோம். மாடிக்கு மாடி கசியும் தண்ணீரைப் பற்றி 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாக விதிமுறைகளில் தனிப் பகுதியே இருக்கிறது. பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் கசிவு பற்றி அறிவிப்புக் கொடுத்தால், நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்வையிட வேண்டும்; பார்வை முடிந்த 5 நாளுக்குள் கசிவுக்கு என்ன காரணம், அதற்கு யார் பொறுப்பு என்பதை எழுதிச் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழுக்குப் பெயர் 28ஆம் பாரம். அலுவலகத்தில் நின்று '28ஆம் பாரம் வேண்டும்' என்று கேட்டுப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் முகபாவம் மாறுவதை நீங்களே காண்பீர்கள்.

காரணத்தை ஆராயும்போது ஓர் அனுமானத்திலிருந்து தொடங்கும்படி சட்டம் சொல்கிறது: சீலிங் நனைந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, குறை மேலே உள்ள வீட்டில்தான் இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அதாவது குற்றத்தை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் இல்லை. இல்லை என்று காட்டும் சுமைதான் மேல்வீட்டின் தலையில் இருக்கிறது. வழக்கமாகச் செய்யப்படும் சோதனையும் எளிமையானதுதான். மேல்வீட்டுக் குளியலறையின் தண்ணீர் போகும் துளையை அடைத்து, தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கி, ஒரு நாள் அப்படியே விட்டுவிடுவார்கள். மறுநாள் உங்கள் வாளியில் நீல நிறம் விழுந்தால், தரைக்கு அடியில் பூசிய வாட்டர்புரூஃப் பூச்சு போய்விட்டது என்று பொருள். சாயம் இறங்காமலேயே சொட்டுவது தொடர்ந்தால், மேல்வீட்டுக் குழாயையோ பல வீடுகளுக்குப் பொதுவாகச் செல்லும் குழாயையோ சந்தேகிக்கலாம். பொதுக் குழாய் என்றால் செலவு நிர்வாகத்துடையது. உங்களுடையதும் அல்ல, மேல்வீட்டாருடையதும் அல்ல.

குறை மேல்வீட்டில் என்று சான்றிதழில் எழுதப்பட்டால், அது கையில் கிடைத்த 7 நாளுக்குள் சரி செய்யும் நடவடிக்கையை அவர் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நிர்வாகமே ஆள் வைத்துச் செய்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம். சோதனைக்கோ பழுது பார்ப்பதற்கோ கதவைத் திறக்க மாட்டேன் என்று அவர் நிற்கவும் முடியாது. முன்னறிவிப்புக் கொடுத்து உள்ளே வர நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. 'பாதி உனக்கு, பாதி எனக்கு' என்ற கணக்கு சட்டத்தில் எங்குமே கிடையாது. அது நம் சமரச மனத்தின் கண்டுபிடிப்பு. அண்டை வீட்டுக்காரருடன் முகம் முறியக்கூடாது என்பதற்காக நீங்கள் விரும்பிக் கொடுத்தால் கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும் என்று அவர் கேட்க முடியாது.

இதை எழுதும் நானே ஒரு காலத்தில் இதில் ஏமாந்தவன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே முதலில் தேநீர்க் கறைபோல ஒரு வட்டம் தெரிந்தது. பிறகு அது ஓரத்தில் பழுப்பேறி, நடுவில் வண்ணம் உப்பி, கடைசியில் செதில் செதிலாகச் சோற்றுத் தட்டில் உதிரத் தொடங்கியது. 14 மாதங்கள் பாதுகாவலரிடமும், செயற்குழுத் தலைவரை லிஃப்டில் கண்டபோதெல்லாம் அவரிடமும் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன். இறுதியில் ஆணையர் அலுவலகத்துக்குப் போனபோது அங்கிருந்த அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான்: முதல் புகாரை எழுதிய தேதி என்ன? எழுதவே இல்லை. 14 மாதமும் காற்றோடு போயிற்று. நாள் கணக்கு நான் கடிதம் கொடுத்த அன்றுதான் தொடங்கியது. ஆகவே இன்றே இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கறையைப் படமெடுக்கும்போது பக்கத்தில் அன்றைய நாளிதழைப் பிடிப்பது பழைய உத்தியானாலும் இன்றும் பயன்படுகிறது.

7 நாளில் யாரும் வராவிட்டால் சி.ஓ.பி.யிடம் எழுதுங்கள். சான்றிதழ் வந்தும் மேல்வீட்டார் அசையாவிட்டால் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. சிக்கலான சட்டப் பிரச்சினை இருந்தாலன்றி அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை, நீங்களே பேசலாம். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து, இயன்றவரை 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த முடிவுக்குக் கீழ்ப்படியாமல் இருப்பது குற்றம். 250,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

கேள்வி: வாசலில் செருப்பு அலமாரியும் ஒரு துளசிச் செடியும் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கோலம் போட்டு விளக்கும் வைப்பேன். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இது நம் சமயத்தில் தலையிடுவது ஆகாதா?
— வாசகி, ஜாலான் ஈப்போ

பதில்: ஆகாது. நடைவழி உங்களுடையது அல்ல. எல்லோருக்கும் உரிய பொதுச் சொத்து. தீ விபத்தின்போது ஓட வேண்டிய வழியில் பொருள் வைத்தால், முன்னறிவிப்பு இல்லாமலேயே அதை அகற்ற நிர்வாகத்துக்குத் துணை விதிகள் (மேலே சொன்ன 2015 விதிமுறைகளோடு வரும் குடியிருப்பு ஒழுங்கு விதிகள்) அதிகாரம் தருகின்றன. புகை சூழ்ந்த இருட்டில் முதலில் காலை இடறுவது செருப்பு அலமாரிதான். கோலம் யாரையும் தடுக்கி விழச் செய்யாது. அதற்காக எந்த நிர்வாகமும் சண்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை. எண்ணெய் விளக்கை வீட்டு நிலைப்படிக்கு உள்ளே வையுங்கள். துளசியையும் உள்ளே, வெயில் படும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அதைத் தூக்கித் தாழ்வாரக் கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் வைத்துவிட வேண்டாம். 2018 ஜனவரியில் பந்தாய் வட்டார மக்கள் வீடமைப்புக் குடியிருப்பில் மேலிருந்து விழுந்த ஒரு நாற்காலி 15 வயது மாணவன் ஒருவனின் உயிரைக் குடித்ததை நாம் இன்னும் மறக்கவில்லை.

கேள்வி: வேலை போய், 8 மாதமாகப் பராமரிப்புக் கட்டணம் கட்டவில்லை. மாதம் 264 ரிங்கிட். என் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். அக்சஸ் கார்டு வேலை செய்யவில்லை. தாமதக் கட்டணமாக மட்டும் 400 ரிங்கிட் கேட்கிறார்கள். அடுத்து தண்ணீரையும் வெட்டுவோம் என்கிறார்கள். இதற்கெல்லாம் அவர்களுக்கு அதிகாரம் உண்டா?
— வாசகர், குளுகோர், பினாங்கு

பதில்: ஐயா, சிலவற்றுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கேட்டு அறிவிப்பு வந்த 14 நாளுக்குள் கட்டாதவர் 'நிலுவைதாரர்' ஆகிறார். அவருடைய பெயர், வீட்டு எண், பாக்கித் தொகை ஆகியவற்றைப் பலகையில் ஒட்டத் துணை விதி 6 இடம் தருகிறது. ஆனால் அந்தப் பட்டியலை மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும். நீங்கள் கட்டிய பின்னும் பழைய தாள் தொங்கினால், அதை எடுக்கச் சொல்லி எழுதலாம். அக்சஸ் கார்டை முடக்கவும், நீங்கள் உள்ளே வந்து போகப் பாதுகாவலரின் உதவி கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கவும், நீச்சல் குளம் போன்ற பொது வசதிகளை நிறுத்தி வைக்கவும் அவர்களால் முடியும். கார்டை மறுபடியும் இயக்கிவிட 50 ரிங்கிட்டுக்கு மேல் கேட்க முடியாது.

கார் நிறுத்தும் இடத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பொது இடத்தில் உங்கள் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய இடமானால் அதை நிறுத்தி வைக்கலாம். உங்கள் பட்டாவிலேயே துணைப் பகுதியாகச் சேர்ந்த இடமானால் அது உங்கள் சொத்து. அதில் அவர்கள் பூட்டுப் போட முடியாது. பட்டாவையோ வாங்கிய ஒப்பந்தத்தையோ எடுத்துப் பாருங்கள்.

தண்ணீருக்கு வருவோம். துணை விதி 6 கார்டு, வசதி, கார் இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது, தண்ணீரைச் சொல்லவில்லை. 'பொதுச் சேவை' என்ற சொல்லுக்குள் தண்ணீரையும் நுழைத்துவிடப் பார்க்கும் நிர்வாகங்கள் உண்டு. குடிக்கவும் கழுவவும் வேண்டிய தண்ணீரை நீச்சல் குளத்தோடு ஒன்றாக எண்ணுவது தவறு என்பது என் கருத்து. மிரட்டல் எழுத்தில் வந்திருந்தால் அந்தத் தாளுடன் மாநகர் மன்றத்திலுள்ள சி.ஓ.பி.யிடம் உடனே போங்கள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இதில்தான் உங்கள் நிர்வாகம் தெளிவாகச் சறுக்குகிறது. பராமரிப்புக் கட்டணம் பங்கு அலகு என்ற அளவின்படி வருகிறது. மிக எளிய கணக்கு இது: வீடு 90 சதுர மீட்டர், கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் கார் இடம் 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிய நடைவழி இல்லாத சாதாரண மாடி வீட்டுக்கு 90ஐ அப்படியே எடுத்து, கார் இடத்தில் பாதியான 6ஐக் கூட்டினால் 96 அலகு. பொதுக்கூட்டம் அலகுக்கு 2.50 ரிங்கிட் என்று முடிவு செய்திருந்தால் கட்டணம் 240. அதில் 10 விழுக்காடு, அதாவது 24 ரிங்கிட், பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்து வைக்கும் சிங்கிங் ஃபண்டுக்கு. மொத்தம் 264, உங்கள் தொகையும் அதுவே. தாமதத்துக்கு வட்டி போடலாம், ஆனால் ஆண்டுக்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதுவும் நாள் கணக்கில். 264 ரிங்கிட்டுக்கு ஒரு மாத வட்டி 2.20. மிகப் பழைய பாக்கிக்கு 8 மாதம், அடுத்ததற்கு 7 மாதம் என்று கூட்டிக்கொண்டே வந்தால் 36 மாத வட்டி. ஆக, 79 ரிங்கிட் 20 சென். 400 எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

பாக்கி 2,112 ரிங்கிட்டையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும் என்பதில்லை. அதே துணை விதி 6, நிலுவைதாரருடன் தவணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவும், ஒப்பந்தம் ஓடும் வரை கார்டு முடக்குவது போன்ற நடவடிக்கைகளை நிறுத்தி வைக்கவும் நிர்வாகத்துக்கு இடம் தருகிறது. இது அவர்களின் விருப்பம், கட்டாயமல்ல. ஆனாலும், மாதக் கட்டணத்தோடு 150 ரிங்கிட் சேர்த்துக் கட்டுகிறேன் என்று நீங்களே தேதி போட்டு எழுதிக் கொண்டுபோனால் மறுப்பவர் குறைவு. எழுதாமல் ஒதுங்கியிருந்தால் மறுபக்கம் கடுமையானது: 14 நாள் அவகாசம் தந்து 11ஆம் பாரத்தில் அறிவிப்பு அனுப்பிய பிறகு தீர்ப்பாயத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம், ஆணையரிடம் வாரண்ட் பெற்று வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யலாம், நியாயமான காரணமின்றிக் கட்டாமல் இருப்பது குற்றமாகி, 5,000 ரிங்கிட் வரை அபராதமும் சிறையும்கூட விதிக்கப்படலாம்.

கேள்வி: எங்கள் மாடியில் 3 வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். இரவு 2 மணிக்குப் பெட்டி உருட்டும் சத்தம். தடுக்க முடியுமா?
— வாசகர், ஜாலான் கிள்ளான் லாமா

பதில்: முடியும். மோண்ட் கியாராவிலுள்ள வெர்வ் சூட்ஸ் கட்டடத்தின் வழக்கில் 2020 அக்டோபர் 2ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், இப்படிப்பட்ட குறுகிய காலத் தங்கல் வாடகைக் குத்தகை ஆகாது, வெறும் அனுமதியே, ஆகவே நிர்வாகம் கூடுதல் துணை விதி இயற்றித் தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. உங்கள் கட்டடத்திலும் 21 நாள் முன்னறிவிப்புடன் பொதுக்கூட்டம் கூட்டி, வாக்களிப்போரில் நாலில் மூன்று பங்கினர் ஆதரித்துச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். மீறுவோருக்கு ஒரு மீறலுக்கு 200 ரிங்கிட் வரை அபராதம் வைக்கலாம். தீர்மானம் இல்லாமல் வெறும் நோட்டீஸ் ஒட்டினால் பயனில்லை.

கேள்வி: ஆண்டுக் கூட்டத்துக்கு 300 வீட்டில் 25 பேர் வருகிறோம். தலைவர் 20 வீட்டாரின் பிராக்சி பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமக்குத் தாமே வாக்களித்துக்கொள்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியரான நான் எதிர்த்துக் கேட்டபோது, கோரம் இல்லாத கூட்டத்தில் கேள்வி கேட்க முடியாது என்றார். இப்படியே விட்டுவிட வேண்டியதுதானா?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: ஐயா, 20 பிராக்சி என்பது ஒரேயடியாகச் செல்லாது. ஒரு கூட்டத்தில் ஒருவர் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே பதிலாளாக வாக்களிக்கலாம் என்று ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. பாரமும் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். கூட்டத்தன்று காலை சட்டைப் பையிலிருந்து எடுக்கக்கூடாது. கோரம் பற்றி அவர் சொன்னதும் பாதி உண்மைதான். வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும் என்பது சரியே. ஆனால் குறித்த நேரத்திலிருந்து அரைமணி நேரம் ஆகியும் வராவிட்டால், வந்திருப்பவர்களே கோரம் ஆகிவிடுகிறார்கள். அப்புறம் உங்களைக் கேள்வி கேட்க விடாமல் தடுக்க அவரிடம் காரணம் ஏதும் இல்லை. தணிக்கை செய்த கணக்கை மேசையில் வைப்பதும் அதே கூட்டத்தின் வேலைதான். கூட்டத்துக்குப் போகுமுன் உங்கள் கட்டணம் பாக்கியில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு 7 நாள் முன்பு ஒரு சென் பாக்கியிருந்தாலும் வாக்கு போய்விடும். சில செயலாளர்கள் பிடிக்காதவர்களை ஓரங்கட்ட இந்த ஒரு சென்னைத் தேடிப் பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டுவரை காத்திருக்கவும் வேண்டாம். மொத்தப் பங்கு அலகில் நாலில் ஒரு பங்கு கையெழுத்தைச் சேர்த்து, என்ன பேச வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுத்தால், 6 வாரத்துக்குள் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். 300 வீட்டில் அது ஏறத்தாழ 75 வீட்டார். கடினமாகத் தோன்றும், ஆனால் ஒரு மாடிக்கு ஒருவர் பொறுப்பேற்று, சனிக்கிழமை மாலையில் கதவு கதவாகத் தட்டினால் இரண்டு வாரம் போதும். 40 ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதிய கைக்கு இது பெரிய வேலையல்ல.

கேள்வி: எங்கள் தாமானில் குடியிருப்பாளர் சங்கம் பாதுகாவலர் போட்டு மாதம் 60 ரிங்கிட் கேட்கிறது. நான் கட்டுவதில்லை. இப்போது என் காருக்குத் தடுப்புக் கம்பத்தைத் தூக்க மாட்டேன் என்கிறார்கள். இறங்கி நானே தூக்கிக்கொள்ள வேண்டுமாம்.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உங்கள் கிராண்ட், அதாவது பட்டா, தனிமனைக் கிராண்டா, ஸ்ட்ராத்தா கிராண்டா என்பதே இங்கு முதல் கேள்வி. வரிசை வீடாக இருந்தாலும் ஸ்ட்ராத்தா கிராண்டாக இருந்தால் மேலே சொன்ன சட்டமெல்லாம் உங்களுக்கும் பொருந்தும், கட்டணம் கட்டாயம். தனிமனை என்றால் சாலை மாநகர் மன்றத்துக்கு உரியது. சங்கம் பதிவு பெற்ற ஒரு சங்கம் மட்டுமே. சேராதவரிடம் 60 ரிங்கிட்டைச் சட்டப்படி வசூலிக்க அதற்கு வழியில்லை. ஆனால் கம்பத்தின் கதை வேறு. கோத்தா டாமன்சாராவில் இதே போன்ற ஒரு பிணக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போய், 2015இல் தீர்ப்பு வந்தது. கட்டாத குடியிருப்பாளர் உள்ளே வருவதை யாரும் தடுக்கவில்லை, தாமே கம்பத்தைத் தூக்க வேண்டியிருப்பது வசதிக் குறைவே தவிர வழிமறிப்பு ஆகாது என்றது நீதிமன்றம். அங்கே காவல் குடிசைக்கும் கம்பத்துக்கும் உள்ளூராட்சியின் அனுமதி இருந்தது என்பதையும் கவனியுங்கள். உங்கள் தாமானில் அனுமதி வாங்கப்பட்டதா என்று மாநகர் மன்றத்தில் கேட்கலாம். இருந்தால், மழையில் இறங்கித் தூக்குவதா, மாதம் 60 ரிங்கிட்டா என்பது உங்கள் முடிவு.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் கடற்கரை அருகே பழைய கொண்டோ ஒன்று வாங்கியிருக்கிறான். 'சிறப்பு வசூல்' என்று பல ஆயிரம் டாலர் கேட்டுக் கடிதம் வந்ததாம். கட்ட மாட்டேன் என்கிறான். வீட்டை விற்று, மொபைல் ஹோம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றும் யோசிக்கிறான். நல்லதா?
— வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அம்மா, அங்கே இந்த விவகாரங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். ஃபுளோரிடாவில் கொண்டோவுக்குச் சட்டத் தொகுப்பின் 718ஆம் அத்தியாயம், வீட்டுக்காரர் சங்கங்களுக்கு 720, மொபைல் ஹோம் பூங்காக்களுக்கு 723. கலிபோர்னியாவில் இருக்கும் உறவினர் சொல்லும் அறிவுரை உங்கள் மகனுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அந்த வசூல் திடீரென்று முளைத்ததல்ல. 2021 ஜூன் 24ஆம் தேதி, சர்ஃப்சைட் என்ற கடலோர ஊரில் சாம்ப்லேன் டவர்ஸ் சவுத் என்ற 12 மாடிக் கட்டடம் நள்ளிரவுக்குப் பின் சரிந்து 98 பேர் இறந்தார்கள். பழுது பார்க்கும் செலவை உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்த கட்டடம் அது. அதன் பிறகு 2022இல் வந்த சட்டம், 3 மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களை 30 ஆண்டு ஆனதும் பொறியாளர் சோதிக்க வேண்டும், கட்டமைப்பைப் பழுது பார்ப்பதற்கான நிதியை ஒதுக்கியே ஆக வேண்டும் என்றது. முன்பெல்லாம் உரிமையாளர்கள் கூடி வாக்களித்து, 'இந்த ஆண்டு ஒதுக்க வேண்டாம்' என்று விட்டுவிட முடிந்தது; 2024 இறுதியிலிருந்து கட்டமைப்புக்கான ஒதுக்கீட்டை அப்படித் தவிர்க்க முடியாது. 2025இல் சில தளர்வுகள் வந்தாலும் அடிப்படை மாறவில்லை. நம் சட்டத்தின் 10 விழுக்காட்டு சிங்கிங் ஃபண்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கட்ட மாட்டேன் என்று உங்கள் மகன் இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. நம் நாட்டில் நிர்வாகம் சாமான்களை ஜப்தி செய்யப் போகும். ஃபுளோரிடாவில் பாக்கிக்காக வீட்டின் மீதே பற்றுரிமை ஏற்பட்டு, வழக்கு மூலம் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோக முடியும். கட்டடத்தின் மூல ஆவணத்தில் வேறு விகிதம் இல்லாவிட்டால் வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை ஓடும். தொகை தவறு என்று நினைத்தால் பொறியாளர் அறிக்கையையும் கூட்டக் குறிப்பையும் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரையும் பார்க்கட்டும்.

மொபைல் ஹோம் என்ற பெயரைக் கேட்டுச் சக்கரத்தில் ஓடும் வண்டி என்று எண்ண வேண்டாம். பெரும்பாலானவை ஒருமுறை இறக்கி வைத்தால் அசையாதவை. வீடு வாங்குபவருடையது, கீழே உள்ள மனை பூங்காவின் முதலாளியுடையது, மனைக்கு மாத வாடகை. பினாங்குக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பிறர் நிலத்தில் தம் வீட்டைக் கட்டிக்கொண்டு தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் இந்தத் தீவில் ஏராளம். அந்த வாழ்க்கை எங்கே போய் முடியக்கூடும் என்பதை 2009இல் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, குளுகோரில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டபோது நாம் கண்ணால் பார்த்தோம். ஃபுளோரிடாச் சட்டம் குறைந்தபட்சம் சில நாள் கணக்குகளைத் தருகிறது: மனை வாடகையை உயர்த்த 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றிக் குடியிருப்பவர்களை வெளியேற்ற 6 மாத அறிவிப்பு வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் 10 மனையோ அதற்கு மேலோ உள்ள பூங்காக்களுக்கே பொருந்தும். முன்பணம் கொடுக்குமுன் அந்தப் பூங்காவில் எத்தனை மனை இருக்கிறது, கடந்த 5 ஆண்டில் வாடகை எத்தனை முறை உயர்ந்தது என்று உங்கள் மகன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். அங்கே குடியேறிய பிறகு பூங்கா முதலாளியிடமிருந்து வரும் கடித உறைகளைக் கிழித்து எறியாமல், அஞ்சல் முத்திரையோடு ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். 90 நாள் எப்போது தொடங்கியது என்று தகராறு வந்தால் அந்த உறையைத்தான் முதலில் கேட்பார்கள்.